அக்காவின் வெள்ளெழுத்து

வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். நான் டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். காலையில் எங்கள் கோட்லா சந்திலிருந்து கிட்வாய் நகர்ப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்வெட்டருக்கு மேல் முந்தானை போட்டவர்கள் உண்டு, தலையோடு சால்வை சுற்றியவர்கள் உண்டு, போனைக் காதில் வைத்துப் புருஷனோடு சண்டை போட்டபடியே சாலையைக் கடப்பவர்கள் உண்டு. மூக்கில் கண்ணாடி வைத்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள், சிலர் ஐம்பதையும் தாண்டியவர்கள். இவர்களுக்கு மட்டும் கடவுள் கண்ணை ஸ்பெஷலாகச் செய்து அனுப்பிவிட்டாரா என்ன? ஆனால் இந்தக் கேள்வி எனக்கும் அதுவரை தோன்றியதில்லை. என் அக்காவின் கண் மங்கிய பிறகுதான் தோன்றியது.

அக்காவுக்கும் எனக்கும் வயதில் பெரிய இடைவெளி. எங்கள் அப்பாவும் அம்மாவும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக இங்கே வந்தவர்கள். அம்மா செங்கல் சுமந்தாள், அக்கா என்னைச் சுமந்தாள். பிறகு நான் லோதி ரோட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அக்கா என்னைப் பள்ளிக்கூட கேட்டில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போவாள். அந்த கேட்டுக்கு உள்ளே அவள் ஒருநாளும் வந்ததில்லை. நான் படித்து முடித்து, நொய்டாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைக்குப் போய், நரைக்கவும் தொடங்கிவிட்டேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார், திரும்பவும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில்.

அக்காவுக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. எண்கள் தெரியும். பஸ் நம்பர், போன் நம்பர், லிஃப்டில் மாடி எண் எல்லாம் தானாகப் பழகிக்கொண்டாள். ஆனால் அவளுடைய காது இருக்கிறதே, அது வேறு ரகம். ஒரு தடவை விழுந்தது அங்கேயே தங்கிவிடும். மெட்ரோவில் இந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி வரும் அறிவிப்பை, ஸ்டேஷன் வரிசை தப்பாமல், அதே குரலில் ஒப்பிப்பாள். கதவு இடப்பக்கம் திறக்குமா வலப்பக்கம் திறக்குமா என்பது உட்பட. பாதி வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது.

பல வருஷம் அவள் பார்த்தது ஜாடு-போச்சா வேலை, அதாவது வீடு பெருக்கித் துடைப்பது. முட்டி இரண்டும் அதிலேயே போயிற்று. பிறகு கிட்வாய் நகர் அடுக்குமாடியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பத்தில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். சுத்த சைவம். அந்த வீட்டு அம்மா மத்திய அரசில் பெரிய பொறுப்பில் இருப்பவர். சாம்பாரில் புளி எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த கை டெல்லியில் சுலபத்தில் கிடைக்காது. அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. தரையில் தவழ்ந்தவள் அடுப்பு முன்னால் நிமிர்ந்து நின்றாள். "நான் இப்போ குக்குடி" என்று எதிர்வீட்டுக்காரிகளிடம் ஒரு சுற்று சொல்லி வந்தாள். அந்த வேலை போனால் மறுபடியும் துடைப்பமும் ஈரத்துணியும்தான் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கண் மங்கியது ஒரேயடியாக நடக்கவில்லை. முதலில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். பிறகு அரிசித் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பல்ப் மங்கல் என்றாள், புது பல்ப் போட்டேன். டெல்லியில் புகை அதிகம் என்றாள், அதை மாற்ற என்னால் முடியவில்லை. போனை நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் இழுத்து, அதற்கும் மேல் நீட்டக் கை போதாமல் தவித்தாள். தமிழில் இதற்கு வெள்ளெழுத்து என்று அழகாக ஒரு பேர் இருக்கிறது. எழுத்தே இல்லாதவளுக்கும் அது வரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. படிக்கிறவர்களுக்குத்தானே படிக்கும் கண்ணாடி?

அந்த ஜனவரியில் கிட்வாய் நகர் வீட்டுக்கு ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கோபிப் பொரியல். காலிஃபிளவர் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது, டெல்லியில் அது கோபிதான். குளிர்காலக் கோபியில் புழு இருக்கும், உப்புப் போட்ட வெந்நீரில் முக்கி எடுத்தால் வெளியே வந்துவிடும், வந்ததைப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். அக்கா முக்கினாள், வடித்தாள், தாளித்தாள். பார்க்கத்தான் முடியவில்லை. சம்பந்தியம்மா தட்டில், பச்சைமிளகாயோடு பச்சைமிளகாயாக, ஒரு புழு வெந்து படுத்திருந்தது. அந்த அம்மாள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லையாம். தட்டை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு மோர் மட்டும் கேட்டாராம். அதுதான் கிட்வாய் நகர் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம போயிக் கண்ணைக் காட்டிட்டு வா. என்ன சொன்னாங்கன்னு எழுதி வாங்கிட்டு வா" என்று அந்த அம்மா அக்காவிடம் சொல்லி அனுப்பினார்.

ஏதோ போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச்சொன்ன மாதிரி அக்கா வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணுல கோளாறுன்னு எழுதிட்டா அவ்ளோதான். நிறுத்திடுவாங்க."

"கோளாறுன்னா கண்ணாடி போட்டுக்கோ. அதுக்குப் போய் யாராவது நிறுத்துவாங்களா?"

"உனக்கு இன்னாடி தெரியும்? சந்துக்கோடி அம்மாவை நிறுத்தல?"

சந்துக்கோடி அம்மா லோதி ரோட்டில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவர். இலவசக் கண் முகாமில் கொடுத்த கண்ணாடியை ஆசையாகப் போட்டுக்கொண்டு போனார். ஒருவாரம்கூட ஆகவில்லை, 'பாவம், உங்களுக்கு வயசாயிடுச்சு, இனிமே ரெஸ்ட் எடுங்க' என்று ரொம்ப அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் சந்தில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. கண்ணாடி வாங்கினால் வீட்டில் போடலாம். வேலைக்குப் போகும்போது அது ஜாக்கெட்டுக்குள், பர்ஸோடு பர்ஸாக இருக்க வேண்டும். என்னோடு ஒரே சந்தில் இருந்தும் இதெல்லாம் எனக்குத் தெரியாது. கண்ணாடி போடாத பெண்கள் என்று நான் நினைத்தவர்களில் பாதிப்பேர் அதை நெஞ்சுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போயிருக்கிறார்கள்.

"நீ ஒரு லூசுக்கா" என்று சொல்லி அவளை சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் திரை கட்டி, அந்தப் பக்கம் கண் பரிசோதனை. இந்தப் பக்கம் ஒரு பெஞ்ச். திரை துணிதான், உள்ளே பேசுவது எல்லாம் வெளியே கேட்டது. எங்களுக்கு முன்னால் சிலர் இருந்தார்கள். எனக்கு ஆபீசிலிருந்து போன். ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் எதையாவது உடைத்துவைக்கும் ஒரு கூட்டம் எல்லா ஆபீசிலும் உண்டு. நான் கடைவாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா திரையை ஒட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். மாரியாத்தாவைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முறை வந்தது, உள்ளே போனாள். போனவேகத்தில் வெளியே வந்தாள். பின்னாலேயே பரிசோதகர் தலையை நீட்டி, "தீதி கீ ஆங்க்கேன் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று இந்தியில் சொன்னார், அக்காவின் கண் முதல்தரம் என்று. தூரமும் சரியாம், பக்கமும் சரியாம். இந்த வயதில் இப்படி ஒரு கண்ணைப் பார்ப்பது அபூர்வமாம். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கென்று வேறு ஏதாவது அட்டை வைத்திருப்பார்கள் போல என்று நினைத்தேன். ஊசி நூல் ஞாபகம் வந்தது. ஆனால் படித்தவர் ஒருவர் சீட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாரே.

அக்கா நடந்த நடையைப் பார்க்க வேண்டும். மார்க்கெட் கூட்டம் அவளுக்கு வழிவிட்டது போலத்தான் இருந்தது. தள்ளுவண்டியில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை எலுமிச்சை பிழிந்து வாங்கித் தந்தாள். "அந்த ஆளு ஃபர்ஸ்ட் கிளாஸுன்னானே, அப்படின்னா எல்லாத்துலயும் மேலதானே?" என்று ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் சீட்டைக் கொடுத்தபோது கிட்வாய் நகர் அம்மாவின் முகம் மலரவில்லை என்று அக்கா சொன்னாள். படித்தார், மடித்தார், மேஜைமேல் வைத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. அக்கா நறுக்கிவைத்த காயை அந்த அம்மாவே வந்து கிளறிப் பார்த்தார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாஸ் ஆனபிறகும் இதென்ன கோபம் என்று அவள் திணறினாள்.

பிறகு வெந்தயக்கீரை நாள் வந்தது. கீரைக்கட்டைச் சுற்றியிருந்த நூல் சப்பாத்தி மாவோடு பிசைபட்டு, தேய்பட்டு, வெந்து, அந்த வீட்டு ஐயாவின் வாய்க்குள் போய், பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வந்ததாம். எனக்குச் சொல்லும்போது அக்காவே சிரித்துவிட்டாள், பிறகுதான் அழுதாள்.

"கண்ணு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கான்" என்று அந்த அம்மா சொன்னாராம். "அப்ப ஒனக்கு வேலைல கவனம் இல்ல. கண்ணு கோளாறுன்னா வைத்தியம் பாக்கலாம், கவனம் இல்லாததுக்கு நான் என்ன செய்யட்டும்? மாசக் கடைசி வரைக்கும் வா. பெறகு வேற எடம் பாத்துக்கோ."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்போதே போனை எடுத்தேன். ஒரு புழு, ஒரு நூல். இதற்காக இத்தனை வருஷம் சமைத்துப் போட்டவளை நிறுத்துவார்களா? இங்கிலீஷில் நான்கு வார்த்தை கேட்டால்தான் அடங்குவார்கள் என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா தண்ணீர்த்தொட்டி பக்கம் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். துக்கம் வந்தால் அவள் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே ஏதோ முனகினாள். முதலில் பாட்டு என்று நினைத்தேன்.

"ந... ல... த... க... ம. ப... ர... ச... வ. காவ் கே பாஸ் ஏக் நதீ பெஹ்தீ ஹை. நதீ கா பானீ டண்டா ஹை..."

ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆறு ஓடுகிறது, ஆற்றுத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. எந்தப் பாட்டில் இப்படி வரும்? போனைக் கீழே வைத்தேன்.

"இதை எங்கக்கா கத்துக்கிட்ட?"

அவள் கை நின்றது.

"அந்த அட்டையிலதான். எனக்கு முன்னாடி போனவங்க எல்லாம் அதையேதான் படிச்சாங்க. ஒவ்வொரு கண்ணையும் மூடிக்கிட்டு ஒரு வாட்டி. அந்த ஆளு மேலேருந்து கீழே வருவாரு, வரிசை மாறாது. அப்புறம் கையில ஒரு அட்டை குடுப்பாரு, அதுல இந்த ஆத்து கதை."

"உனக்குப் படிக்க வருமான்னு அவர் கேக்கலயா?"

"ஹிந்தியா அங்ரேஜியான்னு கேட்டாரு. ஹிந்தின்னேன்."

"அக்கா, அட்டையில எழுத்து தெரிஞ்சுதா இல்லையா?"

"வெள்ளையா இருந்துது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய நகரத்தில், கண் டாக்டரைக் காதால் ஏமாற்றிய ஒரே ஆள் என் அக்காவாகத்தான் இருப்பாள். அவளும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"டெஸ்டுன்னா பாஸ் பண்ணணும்னுதானே எல்லாரும் போறது? நீ பரீட்சைக்குப் போறப்போல்லாம் நான் கேட்டுக்கு வெளியவே நின்னுக்கினு இருப்பேன். முந்தின நாளெல்லாம் நீ நடந்துக்கினே மனப்பாடம் பண்ணுவ இல்ல? அந்த மாதிரிதான் பண்ணேன்."

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் எழுதிய ஒரே பரீட்சை அது. முதல் வகுப்பில் தேறியிருக்கிறாள். அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த அம்மா கண்ணைப் பரிசோதிக்க அனுப்பியது கண்ணாடி போட வைப்பதற்காகத்தான் என்றும், கண் சரி என்று சீட்டு வந்ததால்தான் புழுவும் நூலும் அலட்சியம் ஆகிவிட்டது என்றும் மெதுவாக விளக்கினேன். அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் பாஸ் ஆனதுனாலதான் வேலை போவுதா?"

"ஆமாக்கா."

"இன்னா உலகம்டி இது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போனோம். இந்தமுறை நானும் திரைக்குள் போனேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளையைப்போல. நான் விஷயத்தைச் சொன்னேன். பரிசோதகர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று இந்தியில் கேட்டார்.

"நீங்கள் ஏன் கேட்கவில்லை?" என்றேன். ஹிந்தியா இங்கிலீஷா என்று கேட்கத் தெரிந்தவருக்கு, இரண்டும் இல்லாமல் ஒருத்தி எதிரே உட்காரலாம் என்று தோன்ற வேண்டாமா? எனக்குக் கோபம் வந்தால் இந்தி நன்றாக வரும். அக்கா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அவர் பாவம், சண்டைக்கு வரவில்லை. இழுப்பறையைக் குடைந்து எண்கள் அச்சடித்த அட்டை ஒன்றை எடுத்தார்.

பெரிய எண்களை அக்கா சொன்னாள். நடுவில் தடுமாறினாள். கீழே போகப்போக, அட்டையைத் தள்ளிப் பிடித்தாள், தலையைச் சாய்த்தாள், கடைசியில் "இல்ல, வரல" என்றாள். தனக்குத் தெரியவில்லை என்று அவள் ஒருவரிடம் ஒத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் ஒரு கனமான வட்டச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, லென்ஸ் சில்லுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப்போட்டு எடுத்தார். இப்போது எப்படி, இப்போது எப்படி என்று கேட்டார். ஒரு இடத்தில் அக்கா எண்களைக் கடகடவென்று கடைசி வரிவரைக்கும் சொல்லிவிட்டாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவள் வாயால் சொல்வதை இனி எப்படி நம்புவது? வரும் வழியில் வீட்டுக்கென்று வாங்கிய கோபி என் பையில் இருந்தது. ஒரு பூவைக் கிள்ளி அவள் கையில் வைத்து, "இதைப் படி" என்றேன்.

அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பினாள். இன்னொரு பக்கம் திருப்பினாள். நகத்தால் மெல்லப் பிரித்தாள். புழு இல்லை. இருந்திருந்தால் சொல்வதற்கு நன்றாக இருந்திருக்கும், ஆனால் இல்லை.

"இன்னாடி இது, பூவுக்குள்ள இவ்ளோ பூ இருக்குது" என்றாள்.

அப்புறம் தன் விரல்களைப் பார்த்தாள். வெட்டுக்காயத் தழும்புகளையும் மஞ்சள் ஏறிய நகக்கண்களையும் யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இங்க வா" என்று என் தலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வகிட்டை விரலால் விலக்கினாள்.

"உனக்கு நரைச்சிருக்குதே."

"ரொம்ப நாளாச்சுக்கா."

"வாராவாரம் நான்தானே எண்ணெய் வைக்கிறேன். சொல்லவே இல்ல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவள் கையை என் தலையிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த ஆள் வெளியே காத்திருப்பதாகப் பரிசோதகர் நினைவூட்டினார்.

ஃபிரேம் தேர்ந்தெடுப்பது அதைவிடப் பெரிய ரகளை. போட்டால் போட்டதே தெரியாத மாதிரி வேண்டும் என்றாள் அக்கா. கடைக்காரர் ஓரமே இல்லாத ஒன்றைக் காட்டினார். இன்னும் சின்னதாக, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குவதாக வேண்டும் என்றாள். கண்ணாடி என்றால் முகத்தில் தெரியத்தான் செய்யும், திருட்டுப்பொருளா வாங்க வந்தோம் என்று நான் எகிறினேன். நடுவில் தட்டிலிருந்த ஒரு அடர்சிவப்பு ஃபிரேமை அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள். கைக்கண்ணாடியைத் தூர நீட்டிப் பார்த்தாள். வெறும் ஃபிரேமில் தன் முகம் அவளுக்கே மங்கல்தான்.

"எப்படி இருக்குது, சொல்லு."

"நல்லா இருக்கு. ஆபீசர் மாதிரி இருக்க."

"சீ, போடி" என்றாள். ஆனால் கழற்றவில்லை. சிவப்பே முடிவாயிற்று. கூடவே, ஜாக்கெட்டுக்குள் வைக்க ஏற்றாற்போல் ஒல்லியான கூடு ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடி தயாராகி வந்த மறுநாள் காலை நானும் அவளோடு கிட்வாய் நகருக்குப் போனேன். வழியெல்லாம் அக்கா திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். சமையலறைக்கு யாரும் அடிக்கடி வருவதில்லை, காய் நறுக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம், காலடிச் சத்தம் கேட்டால் கழற்றிவிடலாம், காதுதான் நன்றாக இருக்கிறதே. "மாசக் கடைசில உன்னை அனுப்பிட்டா எந்த சமையலறைல போய் ஒளிப்ப?" என்று கேட்டேன். லிஃப்டில் ஏறினோம். கதவுக்கு முன்னால் நின்று, மணியை அடிப்பதற்கு முன், அவள் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டுக் கூட்டை எடுத்தாள். மாட்டிக்கொண்டாள்.

கதவைத் திறந்தது அந்த அம்மாதான். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, மூக்கில் தங்க நிறத்தில் மெல்லிய கண்ணாடி. அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, அன்னிக்கு நான் பொய்யா படிச்சேன்" என்றாள் அக்கா. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்ச், திரை, மனப்பாடம், ஆற்றுக்கதை. "கவனம் இல்லாம இல்லம்மா. கண்ணுதான் தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். தயாரித்து வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் சும்மா தலையாட்டினேன்.

"இதுக்கு ஏன் இம்புட்டுப் பாடு பட்ட?" என்று அவர் அக்காவிடம் கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடணும்னுதான நானே ஒன்ன அனுப்பிச்சேன்?"

"கண்ணாடி போட்டா நிறுத்திடுவாங்கம்மா."

"யாரு நிறுத்துதா? இந்தா பாரு, நானே போட்டிருக்கேன்லா?"

"நீங்க போடலாம்மா" என்றாள் அக்கா.

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல, தெரிந்த ஒன்றைச் சொன்னாள். அந்த அம்மாவின் கை தன் கண்ணாடியை நோக்கி ஏனோ போயிற்று, பிறகு இறங்கிவிட்டது. நல்ல மனுஷிதான், சட்டென்று ஏதாவது சொல்லி மழுப்பாமல் இருந்ததற்காக எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. கடைசியில் வழிவிட்டு நகர்ந்து, "உள்ள கோபி இருக்கு, பாத்து நறுக்கு. மாசக் கடைசின்னு சொன்னத மறந்துரு" என்றார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நான் லிஃப்டுக்கு நடந்தேன். "இந்த ரவை டப்பாவைப் பாருங்கம்மா, எவ்ளோ பூச்சி!" என்று சமையலறையிலிருந்து அவள் போடும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். வேலை முடித்துத் திரும்பும் பெண்கள் கூட்டமாகச் சந்துக்குள் நுழையும் நேரம். அக்கா தனியாகப் பின்னால் வந்தாள். காலைத் தூக்கித்தூக்கி வைத்து, தண்ணீரில் நடப்பதுபோல நடந்தாள். சிவப்பு ஃபிரேம் மூக்கிலேயே இருந்தது. சந்துக்கோடி அம்மா வாசல்படியில் கடலை உரித்துக்கொண்டிருந்தவர், உரிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "இது கிட்ட பாக்க மட்டும்தான்க்கா. இதைப் போட்டுக்கிட்டு நடந்தா தரையே தெரியாது, விழுந்து வைக்கப்போற. கழட்டு."

"தெரியும். அந்த ஆளு சொன்னாரு" என்றாள் அக்கா. "ஒண்ணுமே தெரியல, உன் மூஞ்சிகூட மங்கலாத்தான் இருக்குது."

"அப்புறம் எதுக்கு?"

"இருக்கட்டும்டி. அவங்க பாக்கட்டும்."

அவள் பையை வாங்கிக்கொண்டேன். சாக்கடைப் பலகை வந்ததும் சொன்னேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.